வெறும் டேப்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

இங்கே ஒரு கூத்து. ஆபீஸில் தினமும் டேப்பில் நகலெடுத்து வைக்கும் கம்ப்யூட்டர் கோப்புகளை மீட்டெடுக்கும் புரோகிராமை நான்தானே பார்த்துக்கொள்கிறேன்? இதுவரை சோதனை டேப்பில் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். இன்று நிஜமாகவே ஒரு கோப்பு அழிந்துபோனது. கட்டளையை அடித்ததும் "முடிந்தது" என்று காட்டியது. வந்த கோப்போ காலி. அலமாரியில் இருந்த அத்தனையும் எதுவும் பதியாத வெறும் டேப்! மேனேஜர் பொத்தென்று உட்கார்ந்து, "தினமும் டேப்பில் எழுதினோமே, ஒரு தடவையாவது படிச்சுப் பார்த்தோமாய்யா?" என்றார்.

பயப்படாதே, என் வேலைக்கு ஆபத்தில்லை.

ஒன்று மட்டும் செய். உன் போனில் இடமில்லை என்று பாப்பா முதன்முதலில் நடந்த வீடியோவை அழித்துவிடாதே. என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேனே, அந்த நகலைப் பார்த்தால் ஊருக்குக் கிளம்பிவிடுவேன் என்று அதை நான் திறக்கவே இல்லை. இப்போது திறந்து பார்க்கவே பயமாக இருக்கிறது, அதுவும் காலியாக இருந்தால்?

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன்னவன்