பூட்டிய பை

அன்புள்ள அம்மாவுக்கு, யெனி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? குஸ்கோவில் நான் நலம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வராததற்குக் கோபிக்காதீர்கள். அருவி, உப்புப் பாலைவனம் எல்லாம் சுற்றிவிட்டு வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவன் எங்கள் விடுதியில் ஒரு வாரமாகத் தங்கியிருந்தான். "ஊருக்குப் போறியாமே? இந்தப் பையைப் புனோ பஸ் ஸ்டாண்டுல என் நண்பன்கிட்ட குடுத்துடு, துணிதான்" என்றான். தூக்கினால் கல்லாய்க் கனத்தது.

"தொறந்து காட்டுங்க" என்றேன்.

"சாவி தொலைஞ்சுபோச்சு. என்ன, சந்தேகமா?" என்று சிரித்தபடியே வாசலை மறித்து நின்றான்.

நான் பயணத்தையே விட்டுவிட்டேன். கூட வேலை செய்யும் ரொக்ஸானா, "உனக்கு எதைக் கண்டாலும் பயம்டி" என்று கேலி செய்துவிட்டுப் பையோடு பஸ் ஏறினாள். தடுத்தும் கேட்கவில்லை. மூன்று நாளாகியும் திரும்பவில்லை. அவனும் அன்றே அறையைக் காலி செய்துவிட்டான். இன்று காலை போலீசில் சொல்லிவிட்டேன். பெரிதாக ஒன்றும் இருக்காது.

மாமாவிடம் ஒரு கம்பளிச் சால்வை கொடுத்தனுப்புங்கள். நீங்கள் போர்த்திய பழையதே போதும்.

முதலாளியம்மா கூப்பிடுகிறார். ஒன்று மட்டும்: நம் தெருப் பெயரை அவனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். யாராவது வந்து விசாரித்தால், யெனி என்று எனக்கு மகளே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்,
யெனி