தேவையில் கழித்துவிட்ட தம்பிக்கு

என் செல்லத் தம்பி சேகருக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. தண்ணீர் பற்றவில்லைடா. நீ மஞ்சள்காமாலையில் போன பிறகு திருவொற்றியூர் வீட்டில் அம்மாவும் நானும்தான். ஓர் ஆள் குறைந்த வீட்டில் தண்ணீர் மிஞ்சத்தானே வேண்டும்? தண்ணீர் லாரி வழக்கம்போல் வருகிறது, அதே அளவு குடங்களைத்தான் பிடிக்கிறோம். ஆனால் அடுத்த லாரி வருவதற்குள் அண்டா காய்ந்துவிடுகிறது. "இன்னாடி இது, கீறது ரெண்டே பேரு, தண்ணி எங்கதான் போவுது?" என்று அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறாள்.

ஆபீசிலும் இதே குழப்பம்தான், போ. வருகிற இருபது வருஷத்துக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும், எங்கே புது நிலையம் கட்டுவது என்று திட்டம் போடுகிற வேலை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பெரிய அனல்மின் நிலையங்களுக்குப் பட்டியலில் பேர் உண்டு. வாய்க்கால் தண்ணீரில் ஓடும் சிறு நீர்மின் நிலையங்களுக்குக் கிடையாது. வயலுக்குத் தண்ணீர் திறந்தால் அவை ஓடும், மூடினால் நின்றுவிடும். நம்ப முடியாது என்பதால், அவை தருவதை ஊரின் தேவையிலேயே கழித்துவிட்டு, மீதியைத்தான் தேவை என்று எழுதுவோம். "சில்லறைம்மா, கழிச்சிட்டுப் போங்க, பட்டியல் நீளாது" என்பார் எங்கள் மேலதிகாரி.

இதைச் சொன்னபோது நீ ஓட்டும் துறைமுகச் சரக்கு லாரியின் சாவியைச் சுழற்றிக்கொண்டே சிரித்தாய். "இன்னாக்கா, வேலை செய்றவனுக்குப் பேரே இல்லியா? பேஜாரா கீதே!"

இந்த வருஷம் மழை பொய்த்தது. என் கணக்கில் தேவை எகிறிவிட்டது. புது ஆலை ஒன்றும் வரவில்லை, வெயிலும் வழக்கமான வெயில்தான். பிறகு எப்படி? தலையைப் பிய்த்துக்கொண்டேன். தேவை கூடிவிட்டது என்று எழுதினால் நம் கடற்கரையில் இன்னொரு புகைபோக்கி முளைக்கும். மாடியில் காயும் புடவையில் இப்போதே சாம்பல். கூடவில்லை என்று தள்ளிவிட்டால், கோடையில் ஊர் இருட்டில் கிடக்கும். திங்கட்கிழமை கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

நேற்று உன் தோஸ்து பாபு வந்தான். துறைமுகத்திலிருந்து நேராக வந்திருக்கிறான், கையில் இரண்டு மஞ்சள் குடம்.

"சேகரு குடம்க்கா. குடோன் குழாயாண்டயே கெடந்துச்சு. வூட்டுக்கு வர்ற சொல்லோ ரொப்பிகினு வருவான்ல?"

வருவாய்தான். லோடு எடுத்துப் போனால் எந்த நாள் திரும்புவாய் என்று உனக்கே தெரியாது. "அவன் வந்தா வந்தான், இல்லாட்டி இல்ல" என்பாள் அம்மா. உன்னை நம்பி நாங்கள் ஒரு குடமும் கணக்கில் வைத்ததில்லை. நீ கொண்டுவந்ததை அண்டாவில் ஊற்றிவிட்டு, லாரித் தண்ணீரே போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உன்னைக் கழித்தது போக மிச்சத்தைத்தான் எங்கள் தேவை என்று நம்பியிருக்கிறோம். அம்மா அந்தக் குடங்களை வாங்கி வெறுமனே கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாய்விட்டு அழுதேன்.

அழுகை ஓய்ந்ததும்தான் ஆபீஸ் கணக்கும் பிடிபட்டது. ஊர் கூடுதலாக எதையும் கேட்கவில்லை. வாய்க்கால்கள் வறண்டு சிறு நிலையங்கள் நின்றதால், தேவையில் கழிக்க ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது.

ஆனால் இருபது வருஷத்துத் திட்டத்தில் என்ன எழுதுவது? நல்ல மழையை நம்பி எழுதுவதா, பொய்த்த மழையை நினைத்தா? எது சரி என்று யாருக்காவது தெரியுமா? எனக்கு இன்னும் குழப்பம்தான், சேகர்.

ஒன்று மட்டும் நிச்சயம். திங்கட்கிழமை அந்தச் சிறு நிலையங்களைத் தேவையிலிருந்து வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் பேரோடு, மாதவாரியாகப் பட்டியலில் எழுதப்போகிறேன். நீளட்டும். மே மாதக் கட்டத்தில் சுழியம் போட நேர்ந்தாலும் பேர் இருக்கும். நின்றுபோனால், நின்றது யார் என்றாவது தெரியவேண்டும் இல்லையா?

உன்னைக் கணக்கில் வைக்காமலே உன் தண்ணீரைக் குடித்த,
உன் அக்கா