பதினேழாம் எண் வீட்டில் பிறந்தவன்

பெல்வில்
2 ஆகஸ்ட் 1966

அன்புள்ள மேவிஸ் அக்காவுக்கு,

சனிக்கிழமை சந்தையில் ஹெஸ்டரோடு உன் எதிரே வந்தேன். நீ, சிபில் அத்தை, நம் தெருக்காரர்கள் பத்துப் பேர். ஒருவர்கூட என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கலப்பினத்தில் பிறந்தும், வெளுத்த தோலை வைத்து நான் வெள்ளைக்காரன் என்று அரசாங்கப் பதிவேட்டில் பதிந்து, ரயில்வே வேலைக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. அத்தனை வாயாடிகள் இருக்கும் தெருவில் இன்றுவரை ஒருவர் வாய் தவறியதில்லை. நினைத்தால் பெருமையாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. டிசம்பரில் எனக்கும் ஹெஸ்டருக்கும் கல்யாணம். உன்னை அழைக்க முடியாது.

உன் தம்பி
கிளைவ்

ஆறாம் வட்டாரம், கேப் டவுன்
9 ஆகஸ்ட் 1966

அன்புத் தம்பிக்கு,

பெண் அழகாக இருக்கிறாள். உன் தொப்பிதான் சகிக்கவில்லை. வெள்ளையர் பக்கம் போய்விட்டவர்களை வழியில் கண்டாலும் இங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அது உனக்குத் தெரியாததா? நாங்கள் வாயைத் திறந்தால் உன் வேலை போகும். வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டவும் சட்டம் விடாது.

நம் வட்டாரம் இனி வெள்ளையருக்கு மட்டும் என்று அரசாங்கத்தில் அறிவித்துவிட்டார்கள் அல்லவா, வீடுகளை இடிக்கப் போகிறார்களாம். தையல் ஆலைப் பெண்கள், மசூதிக்காரர்கள், சர்ச் பாடகர்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்துவிட்டோம். வியாழனன்று சர்ச் மண்டபத்தில், இது எங்கள் மண் என்று காட்ட, இங்கே பிறந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லப் போகிறோம். போலீஸும் வரும். நீ இந்தப் பக்கம் தலைகாட்டாதே.

மேவிஸ்

பெல்வில்
12 ஆகஸ்ட் 1966

அக்கா,

நேற்று நான் மண்டபத்துக்குள் நுழைந்ததும் இருநூறு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எழுந்து நின்று, "பதினேழாம் நம்பர் வீட்டுல பொறந்தவன். மேவிஸோட தம்பி" என்றேன். நீ மேடையிலிருந்து போலீஸ்காரர்களைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தம்பியே கிடையாது. யாரோ குடிச்சிட்டு வந்திருக்கான்" என்றாய். சிபில் அத்தை என்னை வாசல்வரை இழுத்து வந்து, "போயிரு ராசா, நீயாவது பொழைச்சுப் போ" என்று அழுதாள்.

என்னைக் காப்பாற்ற ஒரு தெருவே பொய் சொன்னது. இப்படிப்பட்டவர்களை விட்டுவிட்டு நான் யாரோடு வாழ்வேன்?

உனக்குத் தெரியாத ஒன்று. ஹெஸ்டரிடம் புதன்கிழமையே எல்லாம் சொல்லிவிட்டேன். மோதிரத்தைக் கழற்றித் தந்தாள். அவள்மேல் கோபமில்லை, வலி இருக்கிறது. இன்று காலை, என்னைக் கலப்பினத்தவன் என்று மாற்றி எழுதும்படி மனுக் கொடுத்துவிட்டேன். இப்படி மாறக் கேட்டு யாருமே வந்ததில்லை போலும், குமாஸ்தா அதை இரண்டு முறை படித்தார். ரயில்வே குடியிருப்பை ஞாயிற்றுக்கிழமை காலி செய்கிறேன்.

நம் வீடு இடிக்கப் போகிற வீடுதான், தெரியும். ஒரு கட்டில் போட இடம் ஒழித்து வை.

உன் தம்பி
கிளைவ்