தூக்கத்தில் கைதட்டியவர்

10.3.2025, திங்கள்
விடியற்காலையில் டப் டப்பென்று சத்தம். மழையோ என்று கனவுக்குள்ளேயே யோசிக்கிறேன். கண்ணைத் திறந்தால், இவர் தூங்கிக்கொண்டே கைதட்டுகிறார்.

எழுப்பிக் கேட்டேன். பெரம்பலூர் ரோட்டு ஷூ கம்பெனியில் இவர் தையல் லைன் சூப்பர்வைசர். புது மேனேஜர் சட்டமாம். மெஷின் ஓடுமுன் எல்லாரும் கைதட்டி, ஹா ஹாவென்று சிரிக்க வேண்டும். சிரிக்காதவர் பெயருக்கு நேரே இவர் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி சேர்ந்தால் வேலை போய்விடும்.

“அப்படிச் சிரிச்சா உற்சாகம் வருதாங்க?”

“வாய் வலிதான் வருது, டெய்சி.”

12.3
பால், கேஸ் கணக்கு எழுதி முடித்தேன். கொடியில் இவர் யூனிஃபார்ம் சட்டை காற்றில் உப்பி, ஆள் நிற்பதுபோல் அசைந்தது. உள்ளே யாருமில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

16.3, ஞாயிறு
பூசையில் அல்லேலூயா இல்லை. தவக்காலம். பீடத்தில் பூவுமில்லை. ஜெபத்துக்கு நடுவே நினைவு எங்கோ மிதந்தது — கோயிலே இந்த நாற்பது நாளும் நம்மிடம் சந்தோஷம் கேட்பதில்லை. துக்கத்துக்கும் இடம் விடுகிறது. அதனால்தானே ஈஸ்டர் அன்று அல்லேலூயா பாடத் தொண்டை தானாகத் திறக்கிறது? கம்பெனிக்கு மட்டும் காலை எட்டு மணிக்கே சந்தோஷம் வேண்டுமாமே, எப்படி?

21.3
லைனில் தைக்கிற சிந்தாமணி, கீழப்பழுவூர்ப் பெண். அப்பாவுக்குக் காரியம் முடித்து நேற்றுதான் வந்தாளாம். கைதட்டினாள், சிரிக்கவில்லை.

மேனேஜர் இவரிடம், “ஆல்பர்ட், நாளைக்குள்ள புள்ளி வைங்க. இல்லேன்னா சூப்பர்வைசருக்கு வேற ஆள் பாத்துக்கறேன்” என்றாராம்.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். “நீ சொல்லு.”

நானா? கம்பெனி வாசலே மிதிக்காதவ நான், என்னத்தச் சொல்ல? மாதாவே, வேலையே போயிட்டா?

ஆனாலும் சொல்லிவிட்டேன். “வைக்காதீங்க.”

22.3
வைக்கவில்லை. இறக்கிவிட்டார்கள். திங்களிலிருந்து பழையபடி தையல் மெஷின். ஜெபமாலை பாதியில் நின்றது.

29.3, சனி
வேனிலிருந்து இறங்கும்போதே இவருக்குச் சிரிப்பு.

பக்கத்து மெஷின் சிந்தாமணி கேட்டாளாம், “இத்தன வருசம் எங்கள வெரட்டுனீங்களே அண்ணே, ஊசியில நூல் கோக்கத் தெரியுதா?” இவர் கோக்க, ஊசிக்கு வெளியே நூல் போக, லைனே சிரித்ததாம். சிந்தாமணியும். அந்தச் சிரிப்போடு தைத்து, நேரத்துக்கு முன்பே வேலையை முடித்தார்களாம்.

“மேனேஜர் என்ன சொன்னாரு?”

“ஓடிவந்து கத்துறாரு, ‘வேலை நேரத்துல என்ன சிரிப்பு!’”

சொல்லும்போதே புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன். புரை நின்றது, சிரிப்பு நிற்கவில்லை. விட்டுவிட்டேன்.