ஏழாவது தூண் இணைப்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், தையல் மெஷின்தான் கொஞ்சம் முனகுகிறது, எண்ணெய் விட்டிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்காதே, போனில் நீ என்னை எங்கே பேசவிடுகிறாய், இது முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டிய விஷயம்.

அப்பா வாரம் ஒருநாள் நூலகத்தில் கால்வாய் வரலாறு பேசப்போகிறார் என்று சொன்னேன் அல்லவா, இப்போது பதினொரு பேர் வருகிறார்கள், அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக வருகிறவர்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே கல் வளைவுகள் கட்டிப் பள்ளத்தாக்குக்கு மேலே தண்ணீரைக் கொண்டுபோனதையும், கால்வாய் ஒழுகாமல் இருக்க அடியில் களிமண்ணைக் கொட்டி மாட்டு மந்தையை விட்டு மிதிக்க வைத்ததையும் கூடவே நின்று பார்த்தவர் மாதிரி சொல்வார். மலையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வந்தவர்கள் நடுவில் சந்திக்காமல் ஆளுக்கொரு பக்கம் போய்விட்ட கதைதான் எனக்குப் பிடிக்கும், நானும் உன் அத்தையும் பேசிக்கொள்வது மாதிரியே இருக்கும். முடிக்கும்போது, கட்டினவன் பேரு கல்வெட்டுல இருக்கும், ஒழுகினாத்தான் இணைப்பை அடைச்சவன் பேரு வெளியே வரும் என்பார், எல்லாரும் சிரிப்பார்கள். நடுவில் மூன்று மாதம் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீ வந்துபோன அடுத்த மாதம் தையல் அறைச் சுவரில், கீழே தரையை ஒட்டி ஈரம் கண்டது. அப்பா பீரோவை நகர்த்தி அதை மறைத்தார், என் துணி நனையாமல் இருக்கத்தான் என்று நானும் நினைத்தேன். அந்தச் சுவருக்கு ஒரு கை தூரத்தில்தானே தொட்டிப்பாலத்தின் ஏழாவது தூண் நிற்கிறது. மூன்று ஊருக்குத் தண்ணீர் அதன் தலைமேல்தான் போகிறது, தொட்டியின் இரண்டு பாகம் அந்தத் தூணுக்கு மேல்தான் சேர்கிறது. அந்த இணைப்பில் சணலும் தாரும் அடைத்தது இருபத்திமூன்று வயதில் தினக்கூலிக்குப் போன உன் அப்பா. அது விட்டுப்போய்த்தான் தூண் வழியாகத் தண்ணீர் இறங்கிச் சுவரில் ஏறுகிறது என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டார். சொன்னால் மூன்று ஊருக்கும் தண்ணீர் நிற்கும், நாற்பது வருடப் பெயரும் போகும். சொல்லாமல் இருந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் அடியில் நடந்துபோகிற பாலம். மனிதர் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு தூணையே பார்த்துக்கொண்டு இருப்பார், நானோ உப்பு சரியில்லையோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் கால்வாய் அலுவலகத்துக்கு அவரே எழுதிக் கொடுத்துவிட்டார், ஏழாவது இணைப்பு ஒழுகுகிறது, அடைத்தது நான் என்று. அதைப் படித்துக் காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, இத்தனை நாள் தனியாக இதைச் சுமந்தாரே என்று கோபமும் வந்தது.

புதிதாக வந்திருக்கும் பொறியாளர் பெண் கெட்டிக்காரி. உடனே தண்ணீரை நிறுத்தவில்லை. மேலே இருந்து பச்சைச் சாயம் கலந்துவிட்டாள், ஒழுகுவது கால்வாய்த் தண்ணீர் என்றால் சுவரும் பச்சையாகும் என்றாள். பீரோவைத் தள்ளிவிட்டு நான் தைக்க வைத்திருந்த வெள்ளை லைனிங் துணியில் ஒரு முழம் வெட்டி ஈரத்தின்மேல் ஒட்டினோம். கால்வாய் கிளிப்பச்சையாக ஓடுகிறது, தெருவே வேடிக்கை பார்க்கிறது, இங்கே ஆறு பேர் நின்று ஒரு துணியைப் பார்க்கிறோம். துணி நனைந்தது, பச்சை ஏறவில்லை. இரண்டு நாள் பார்த்தோம், வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அப்போதுதான் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மேலே மாட்டியிருக்கிற படம் எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டாள்.

நீ சட்டம் போட்டு மாட்டிவிட்டுப் போன படம்தான், முதல் தண்ணீர் விட்ட அன்று தொட்டிமேல் ஆட்கள் வரிசையாக நிற்பது, ஓரத்தில் அப்பா. கழற்றினால் பின்பக்க அட்டை பூசணம் பூத்திருக்கிறது. குழாய்க்காரர் சுவரை உடைத்தார். மாடிக் குளியலறைக்குப் போகும் குழாயில் உன் ஆணி இருந்தது, நட்டநடுவில். நாற்பது வருட இணைப்பில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஒழுகியதெல்லாம் உன் கைவேலை. அப்பா அப்படியே என் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். உனக்கு எழுதாதே, பிள்ளை மனசு கஷ்டப்படும் என்றார். கொஞ்சம் கஷ்டப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். நேரத்துக்குச் சாப்பிடு. அந்த வீட்டில் எங்கே ஆணி அடிப்பதாக இருந்தாலும் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் கேள்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமே இல்லாத
அம்மா

மகளே, அம்மா தபால் தலை தேடப் போயிருக்கிறாள், அதற்குள் எழுதுகிறேன். படத்தை அதே ஆணியில் எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டேன். ஆணியை நன்றாக நேராகத்தான் அடித்திருந்தாய். அப்பா.