பிளக்கைக் கழற்றிய நேரங்கள்

கொட்டாஞ்சேனை,
30.10.2025

அன்புள்ள மகள் யதுஷாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் பிள்ளையாரைக் கேட்டபடி இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை, ஆனாலும் படியேறும்போது எனக்குக் கேட்கும்படியாக முனகுவதை அவள் விடவில்லை. தினமும் போனில் கதைக்கிற மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய், பயப்படாதே, வீட்டில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. போனில் நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய், இந்த விஷயத்தை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பெரியம்மாவின் மகள் றேணுகா சனிக்கிழமை ஒஸ்லோவுக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

நமக்கு மீன் கொண்டுவரும் முகத்துவாரத்துக் கிளின்ரனுக்குப் பக்கத்தில் மின்னல் விழுந்த செய்தியை அம்மா சொன்னபோது நீ அழுத அழுகை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அன்று பகல் “மின்னல் வாய்ப்பு குறைவு” என்று உன் கம்ப்யூட்டரின் வானிலை மெசேஜ் போயிருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் வள்ளத்தை இறக்கியிருக்கிறான். இது பரிசோதனைதான், இதை மட்டும் நம்பிக் கடலுக்குப் போகவேண்டாம் என்று மெசேஜ் வாங்கும் அந்தப் பத்து மீனவரிடமும் நீ படித்துப் படித்துச் சொன்னாய். ஆனால் மழை வரும் என்றால் மழை வந்து, வெயில் என்றால் வெயில் அடித்து, எட்டு மாதம் சரியாக வந்த மெசேஜை எவன்தான் நம்பாமல் இருப்பான். “என்ர கணக்குப் பிழைச்சுப் போச்சு அப்பா, நான் இந்த வேலையை விடப்போறன்” என்று நீ சொன்னாய். நான் “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பிள்ளை, உன் கணக்கில் பிழையில்லை. பிழை செய்தது நான்.

போன வருடம் வைகாசியில் நீ வந்து மொட்டைமாடியில் அந்த வானிலைப் பெட்டியைப் பொருத்தினாய். காற்றின் அழுத்தம், ஈரம், மின்னலின் துடிப்பு எல்லாவற்றையும் அது எடுத்து அனுப்பும், முகத்துவாரத்துப் பக்கத்துக்கு இது ஒன்றுதான், இந்தப் பிளக்கை மட்டும் ஒருநாளும் கழற்றாதீர்கள் என்று சொன்னாய். நானும் பெரிதாகத் தலையாட்டினேன். நீ போய்ப் பத்து நாள் இருக்காது, முதல் இடி முழங்கியது. பக்கத்து வீட்டு நபீஸின் ரீவியும் பிரிட்ஜும் ஒரே மின்னலில் புகைந்துபோனதைக் கண்ணால் கண்டவன் நான். அம்மா அடுப்படியில் இடிக்குப் பயந்து “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்று தொடங்கினால் என் கை தானாகப் பிளக்குகளைத் தேடும், ரீவி, பிரிட்ஜ், ரூட்டர், கடைசியில் உன் பெட்டி. என் பிள்ளை இரண்டு வருடம் கண்முழித்துச் செய்த சாமான், எரிந்துபோனால் என்ன பதில் சொல்வேன் என்ற பயம். இடி ஓய்ந்ததும் திரும்பச் செருகிவிடுவேன். பெட்டியைக் காப்பாற்றினேன் என்று மனதுக்குள் பெருமை வேறு.

அதோடு விட்டிருந்தாலும் மன்னிக்கலாம். போன கார்த்திகையில் நீ கேட்டாய், பின்னேரங்களில் பெட்டி நின்று நின்று வேலை செய்கிறதே, கரண்ட் அடிக்கடி போகிறதா என்று. “ஓம் பிள்ளை, இங்க கரண்ட் போறதும் வாறதும்தானே” என்றேன். அது பச்சைப் பொய். தலையாட்டிவிட்டுச் செய்யவில்லை என்று மகளிடம் ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாயிருந்தது. நீ அப்பாவின் வார்த்தையை நம்பி, அந்த நேரங்களைக் கரண்ட் வெட்டு என்று குறித்து, அதற்கு முந்தைய மணித்தியாலத்து எண்களால் நிரப்பிவிட்டாய். கம்ப்யூட்டர் தானாக ஒன்றும் அறியாது, பழைய வானிலையைக் காட்டிக் காட்டித்தான் எப்போது மின்னல் வரும் என்று அதைப் பழக்குகிறோம் என்று முன்பொருநாள் எனக்குச் சொல்லித் தந்தவளும் நீதான். அப்படியென்றால் ஒன்றரை வருடமாக நான் அதற்குக் காட்டியது மின்னலே வராத ஒரு கொட்டாஞ்சேனையை.

நேற்று முகத்துவாரத்துக்குப் போனேன். கிளின்ரனுக்கு இடது காது கேட்கவில்லை, இடது கையில் கட்டு, மற்றபடி எழும்பி நடக்கிறான். அவனும் அவன் மனைவி கொன்ஸ்ரன்ஸும் இருக்க எல்லாவற்றையும் சொன்னேன். கிளின்ரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், கொன்ஸ்ரன்ஸ் என்னை நல்லாகவே ஏசினாள், நானும் ஏச்சு வாங்கத்தான் போனேன். ஏசி முடிந்ததும், “மகள்கிட்ட அந்த மெசேஜ நிப்பாட்ட வேணாம்னு சொல்லுங்க, இவர் திரும்பவும் கடலுக்குத்தான் போவார், அது இல்லாட்டி நான் எதப் பாத்து அனுப்புறது” என்றாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று வைக்கிறாள்.

இப்போது முக்கியமான விஷயம். தெமட்டகொடை ரயில்வே யார்டில் முப்பத்தொரு வருடம் வண்டி வந்த நேரமும் போன நேரமும் எழுதிய கை இது, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்காது. பிளக்கைக் கழற்றிய நேரத்தையும் திரும்பப் போட்ட நேரத்தையும் ஒவ்வொரு தடவையும் சுவர்க் கலண்டரில் எழுதி வந்திருக்கிறேன். நீ கரண்ட் வெட்டு என்று நினைத்த அந்த ஓட்டைகள் அத்தனையும் இடி கேட்ட நேரங்கள். போன வருடத்தது, இந்த வருடத்தது என்று இரண்டு கலண்டரையும் பார்த்து, திகதி வாரியாக அழகாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், மொத்தம் அறுபத்தெட்டு. காற்றையும் ஈரத்தையும் என்னால் திருப்பித் தர முடியாது, ஆனால் எப்போது இடித்தது என்று நிமிடத்தோடு தரலாம். என் காதையும் முழுக்க நம்பாதே, ஐந்து இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன், ஒன்றில் கோயில் பெருநாள் வெடியை இடியென்று நினைத்து வீடு முழுக்கக் கழற்றிவிட்டேன், அதை வெட்டிவிட்டேன். இதை வைத்து உன் கம்ப்யூட்டரைத் திரும்பப் பழக்கலாமோ தெரியாது, அது உன் படிப்பு. ஆனால் வேலையை விடுவதென்றால் உன் பிழைக்காக விடு, என் பிழைக்காக விடாதே.

இதை எழுதும்போதே மேற்கே கறுத்துக்கொண்டு வந்துவிட்டது. இப்போது ஒரு பெரிய இடி. பிரிட்ஜையும் ரீவியையும் கழற்றிவிட்டேன், உன் பெட்டியும் ரூட்டரும் அப்படியே இருக்கின்றன, எரிந்தால் எரியட்டும், இன்னொன்று செய்வாய். அம்மா அடுப்படியிலிருந்து அர்ச்சுனா சொல்லிக்கொண்டு ஓடி வந்தாள், செருகியிருக்கும் பிளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நேற்றிலிருந்து பேசாதவள், “நேரத்தை எழுதுங்கோ” என்றாள். எழுதிவிட்டேன், 4.12.

கிளின்ரனுக்கு ஒருதரம் போன் எடு, வலது காதில் வைக்கச் சொல்லிக் கதை. நீ நீண்ட ஆயுளோடும் தளராத மனதோடும் இருக்க அம்மாவினதும் என்னுடையதும் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

உன்னிடம் பொய் சொன்ன, இனிச் சொல்லாத,
அப்பா
சிவபாதசுந்தரம்