தானாக வந்த மீன்

1931 நவம்பர் 3, செவ்வாய்

மழை விடவில்லை. ஓட்ஸ் ரொட்டி அடியில் தீய்ந்துவிட்டது.

இவர் இன்று டோனலைப் பிடித்துவிட்டார். என் சித்தி மகள் மோராக்கின் புருஷனை! இரவு ஆறு கரை மீறி டோனலின் உருளைக்கிழங்கு வயலில் ஏறி வடிந்திருக்கிறது. காலையில் இவர் ரோந்து போனபோது வரப்பில் டோனல், கையில் கோணி, கோணிக்குள் சால்மன். "நான் பிடிக்கலை சகலை. கிழங்கு பார்க்க வந்தேன், மீன் உழவுச் சாலுக்குள்ள கெடந்துச்சு" என்றானாம்.

ஊர் நிலமும் ஆற்று மீனும் துரைக்குத்தான் சொந்தம். அவருடைய ஆற்றுக் காவலரான இவருக்கு இந்த மாதிரிக் கதைகள் புதிதா? சாப்பிடும்போது ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினார். தள்ளுவண்டியில் குழந்தைக்கு அடியில் மீன் வைத்திருந்தவன், "குழந்தைதான் பிடிச்சுதுங்க" என்றானாம். இன்னொருவன் கரையில் தூங்கினானாம், மீன் துள்ளி அவன் கோட்டுக்குள் புகுந்துகொண்டதாம். மூன்றாமவனுக்கோ கழுகு நழுவவிட்ட மீன் வானத்திலிருந்து விழுந்ததாம். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. டோனல் ஏற்கெனவே ஒருமுறை மாட்டியவன். இந்த முறை ஜெயில்தான்.

நவம்பர் 5

கடையில் மோராக். இடுப்பில் ஒரு பிள்ளை, பாவாடையைப் பிடித்தபடி இரண்டு. "உங்க வீட்டுக்காரருக்கு நல்லாத் தூக்கம் வருதா அக்கா?" என்றாள்.

வருகிறது. குறட்டையோடு வருகிறது. அதை அவளிடம் எப்படிச் சொல்ல?

நவம்பர் 9, திங்கள்

நேற்று ஞாயிறு, ஓய்வு நாள், பேனாவைத் தொடக்கூடாது. அதனால் இன்று எழுதுகிறேன்.

மாடு கன்று போடும் நிலையில் இருந்ததால் நான் சர்ச்சுக்குப் போகவில்லை. ஊரே அங்கேதான். மறுபடி வெள்ளம் வந்து எங்கள் கீழ்வயலில் நின்று வடிந்துகொண்டிருந்தது. தொழுவத்துக்குப் பின்னால் டர்னிப் கிழங்குச் சாலில் ஏதோ அடித்துக்கொள்ளும் சத்தம். நாய் என்று நினைத்தேன். சால்மன். சினை மீன், என் கை நீளம். வயிறு சேற்றில், முதுகு வெளியே.

யோசிக்கவே இல்லை. ஏப்ரனை அவிழ்த்துப் போர்த்தி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினேன். தாடையில் வாலால் ஓர் அறை விட்டது. தண்ணீரில் விட்டதும் நின்று, திரும்பி, போய்விட்டது. முட்டளவு தண்ணீரில் நின்று பைத்தியம்போல் சிரித்தேன்.

அப்புறம் சிரிப்பு நின்றது. டோனல் சொன்னது நிஜம்.

வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் நான் திருடி. விட்டுவிட்டேன், அதனால் சாட்சி இல்லை. திருடியிருந்தால்தான் என்னை நம்புவார்களா?

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"யார் பார்த்தது?"

"மாடு பார்த்துச்சு."

"மோராக் வந்துட்டுப் போனாளா?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆற்றங்கரையில் கோணியை அவிழ்க்கச் சொல்லும்போது வரும் குரல் — என்னிடம்!

"நான் பொய் சொல்றேனா?"

"பொய்னு சொல்லலை எஃபி. எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்கன்னு சொல்றேன்."

எத்தனை வருஷமா இந்த மனுஷனுக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுத்திருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இவர்கிட்ட பொய் சொல்லியிருப்பேனா?

நவம்பர் 10

அவருக்குக் கஞ்சியை மேசையில் வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டேன். கன்று பிறந்தது, கிடாரி.

நவம்பர் 11, புதன்

துரையின் மேனேஜர் வந்தார். உட்காரவில்லை. "வெள்ளிக்கிழமை கேஸ்ல ஒரு பிசிறும் இருக்கக்கூடாது ஹெக்டர். வீடு, மாடு எல்லாம் துரை குடுத்ததுதானே" என்றார். டீயையும் தொடவில்லை.

அவர் போனதும் நான் சொன்னேன், "நானே கோர்ட்டுக்கு வந்து சொல்றேன்."

"இந்த வீடு போயிடும்."

"தெரியும்."

"எல்லாரும் சிரிப்பாங்க."

"நீங்கதான் முதல்ல ஆரம்பிச்சு வச்சுட்டீங்களே."

எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டர்னிப் வயலில் ஒவ்வொரு சாலாகக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். செதிலோ முட்டையோ கிடைக்கும் என்று நினைத்தாரா? அதற்குப் பிறகு பெய்த மழையில் என்ன மிஞ்சியிருக்கும்? வெறுங்கையோடு வந்து, "கறுப்புக் கோட்டை எடுத்து வை" என்றார். கோர்ட்டில் என்ன சொல்லப்போகிறாரோ? பயமாக இருக்கிறது.

நவம்பர் 13, வெள்ளி

நான் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

டோனல் தன் கதையைச் சொன்னான். கோர்ட்டே சிரித்தது. பிறகு இவர் கூண்டில் ஏறினார். ஜட்ஜ் கேட்டார்: "உம் அனுபவத்தில் வயலில் சால்மன் கண்டதுண்டா?"

"நான் கண்டதில்லைங்க. என் பெண்டாட்டி கண்டிருக்கா."

கூரை இடிந்து விழும் அளவுக்குச் சிரிப்பு. மேனேஜரின் கழுத்து சிவந்தது.

"அந்த மீன் எங்கே?"

"ஆத்துல விட்டுட்டா ஐயா."

மறுபடியும் சிரிப்பு. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை நின்றார். என் புருஷனைப் பார்த்து ஊர் சிரிப்பதை இன்றுதான் பார்த்தேன்.

"நீர் அதை நம்புகிறீரா?"

இவர் என்னைப் பார்த்தார்.

"அவ பொய் சொல்றதா இருந்தா இதைவிட நல்ல பொய்யாச் சொல்லுவா ஐயா."

ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'நிரூபணமாகவில்லை' என்று எழுதி டோனலை அனுப்பிவிட்டார்.

நவம்பர் 16

வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். மாடு துரையுடையது. கன்றும்தான்.

நவம்பர் 28, சனி

டோனல் விடியும்போதே வண்டியைக் கொண்டுவந்தான். அவனும் இவரும் பீரோவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மேட்டுக் கொல்லையில் தன் வீட்டில் மோராக் எங்களுக்காக ஓர் அறையை ஒழித்துத் தந்திருக்கிறாள். வசந்தம் வரைக்கும். அதற்கப்புறம் கிளாஸ்கோவோ எதுவோ.

பாலம் தாண்டும்போது இவர் பழக்கதோஷத்தில் ஆற்றை எட்டிப் பார்த்தார். "என்ன சகலை, ஏதாவது தெரியுதா?" என்றான் டோனல். "தெரிஞ்சா எனக்கென்ன" என்றார் இவர். ஆனாலும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

எனக்கு அடக்க முடியவில்லை. "அன்னிக்குக் கோர்ட்டுல, நிஜமாவே நம்பித்தான் சொன்னீங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

ஆற்றிலிருந்து கண்ணை எடுத்தார்.

"மீன் விஷயத்துல இன்னும் சந்தேகம்தான்" என்றார். பிறகு நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையை என் காலுக்கும் சேர்த்து இழுத்துவிட்டார்.